வீட்டு வரைபடத்தில் ஒரு வீரை மரம்

அம்மாவின் புது வீட்டு யன்னல்களுக்கு அடிப்பதற்காக மாங்குளத்தில் வாங்கிவந்த வெள்ளைப் பெயின்ற் ரின்னை இன்று காலை திறந்தேன். மூடியை நெம்பியதும் எழுந்த மணம் உன்னைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டது. ஒரு யன்னலில் பாதி அடித்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை. தூரிகையை மண்ணெண்ணெய்க்குள் போட்டுவிட்டு, விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு இதை எழுதுகிறேன். "அரைகொறையா வுட்டுட்டு அங்க என்னா எழுத்து?" என்று அம்மா உள்ளே இருந்து கேட்கிறார். சபை வேலை என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

செத்துப்போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று எல்லோரும் உன்னைத் தெய்வமாக்கிப் பேசியபோது எரிச்சலில் எழுந்து வெளியே போனவள் நான். நீ தெய்வம் இல்லை. பிடிவாதக்காரி. உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்றவர் வாயைத் திறக்கவே விடமாட்டாய். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை சபை கூடுகிறது. அங்கே நான் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அதை உன்னிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். எங்கள் பிரதேச சபையில் அந்தக் கேள்வி விளங்கக்கூடிய ஆளாக நீ ஒருத்திதான் இருந்தாய்.

நாங்கள் முதன்முதலில் சண்டை பிடித்ததும் நிழலுக்காகத்தான். போர் முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த வவுனியா முகாமில், கூடாரத்தில் நடந்த பள்ளிக்கூடம். காட்டை வழித்தெடுத்த செம்மண்ணில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைக் கூடாரங்கள். மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. தண்ணீர்த் தாங்கியின் ஓரத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு நிழல் விழும். அதில் யார் இருப்பது என்று நீ என் கொப்பியைத் தூக்கி வெயிலில் எறிந்தாய். நான் உன் பின்னலைப் பிடித்து இழுத்தேன். ரீச்சர் இரண்டு பேரையும் அதே நிழலில் முதுகோடு முதுகாக இருத்தினார். உன் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. என்னுடையதும். மறுநாள் நீ எனக்கு முன்பே வந்து எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தாய்.

பிறகு முகாமைத் திறந்து விட்டார்கள். நீ உன் ஊருக்குப் போனாய். நான் என் ஊருக்குப் போனேன். ஒரே குளத்தின் இரண்டு பக்கம்தான். ஆனால் நீ போன விதமும் நான் போன விதமும் ஒன்றல்ல. உன் ஆட்கள் குளத்துக்குக் கீழே அரசாங்கம் வயல் கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். உன் வீட்டுக் கூரை போயிருந்தது. கிணறு இருந்தது, தென்னைகள் நின்றன, அப்பாவின் கையில் காணி உறுதிப் பத்திரம் இருந்தது. என் ஆட்கள் மலையகத்தில் கலவரத்தில் அடிவாங்கி ஓடிவந்து, குளத்துக்கு மேற்கே காட்டோரத்தில் குடிசை போட்டு, உன் ஆட்களின் வயலில் கூலிக்குப் போனவர்கள். உன் அப்பாவின் வயலில் என் அம்மா களை பிடுங்கியிருக்கிறார். இதை நான் சொல்லும்போதெல்லாம் நீ முகத்தைச் சுளிப்பாய்.

"எத்தினை தரமடி இதையே சொல்லுவாய்?"

"உனக்கு உறைக்கும் மட்டும்."

நாங்கள் திரும்பிப் போனபோது குடிசை இருந்த இடத்தில் பாலையும் வீரையும் விளாவும் முளைத்து ஆள் உயரத்துக்கு மேல் போயிருந்தன. முன்பு காணிக்கு எல்லையாக விட்ட பெரிய மரங்களோ இன்னும் பெருத்து நின்றன. காடுகளுக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோர் ஆட்களை எங்கள் சனம் காட்டுக்காரர் என்றுதான் சொல்லும். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, இது காடு என்று எல்லைக் கல் போட்டார்கள். நாங்கள் இல்லாத காலத்தில் காடு வளர்ந்தது. காடு வளர்ந்ததால் நாங்கள் அங்கே இருந்ததே இல்லை என்று ஆகிவிட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம் தென்னை நிற்கிறதா, மா நிற்கிறதா, கிணறு இருக்கிறதா என்றுதான். கூலிக்குப் போனவர்கள் எப்போது தென்னை வைத்தார்கள்? பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் எங்கே கிணறு வெட்டினார்கள்?

அன்றைக்கே எங்கள் சனம் ஒரு பாடம் படித்துக்கொண்டது. தென்னை நின்றால் காணி உன்னுடையது. பாலை நின்றால் காணி அவர்களுடையது. காணியில் கால் வைத்ததும் முதல் வேலை, காட்டு மரம் என்று சொல்லக்கூடிய எதையும் மிச்சம் வைக்காமல் வெட்டுவது. காட்டை அழிக்கிறார்கள் என்று பிறகு பத்திரிகைகள் எழுதின. மரத்தோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அது எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

பல வருட இழுபறிக்குப் பிறகு அந்தக் காட்டோரத்தில் ஒரு பகுதி விடுபட்டு, இரண்டு கட்டமாக வீட்டுத்திட்டம் வந்தது. காணிக்கு உறுதி பிறகு தருவோம், முதலில் வீடு என்றார்கள். அதே காலத்தில்தான் நாங்கள் இருவரும் வேறு வேறு கட்சியில் நின்று சபைக்குள் வந்தோம். அது உனக்கும் எனக்கும் ஒரு வேடிக்கையாக இருந்தது. உன் ஸ்கூட்டரில் ஒன்றாக வந்து இறங்கி, உள்ளே எதிரெதிர்க் கதிரையில் போய் இருப்போம். "வெளியில ஒரே சீற்றில வாறியள், உள்ள வந்தால் கொத்துப்படுறியள்" என்று சபைத் தலைவரான தவிசாளர் சிரிப்பார்.

முதற்கட்ட வீடுகளுக்கு நிலம் துப்புரவாக்க பெக்கோ இயந்திரம் வரப்போகிறது என்று தெரிந்த கூட்டத்தில் நீ எழுந்தாய். வீட்டுக்கு ஒரு மரமாவது விட வேண்டும், பாலை, வீரை, விளா, முதிரை என்று இந்த மண்ணில் தானாக முளைத்த மரத்தை விட வேண்டும் என்றாய். தேக்கும் மகோகனியும் கொண்டுவந்து நட்டுப் படம் எடுப்பதைப் பசுமை என்று சொல்லாதீர்கள் என்றாய். கடைசியாக நீ சொன்னதை மட்டும் நான் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருக்கிறேன்: "மட்டமாக்கின நிலத்தில வரிசையா ஒரே மாதிரி வீடு. நாங்கள் முகாமில இருந்துதான் வந்தனாங்கள். திரும்பவும் முகாம்தான் கட்டுறம், தவிசாளர் ஐயா."

"மரத்துக்கும் வாக்கு இருக்கோ தங்கச்சி?" என்றார் பின்வரிசையில் ஒருவர். சபை சிரித்தது.

நான் எழுந்தேன். "மரத்துக்கு வாக்கு இல்லை. எங்கட சனத்துக்கு இருக்கு. இருந்தும் கூரை இல்லை. இந்த உறுப்பினருக்கு வீட்டில நிழல் இருக்கிறபடியால் மரத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கு" என்றேன். சிரிப்பு நின்றது. உன் தீர்மானமும் அன்றைக்கு நின்றது.

தேநீர் நேரத்தில் நீ வந்து என் தட்டிலிருந்த வடையை எடுத்துக் கடித்தாய். "வெட்டிச் சாய்ச்சுப்போட்டாய்."

"குறுக்க நிண்டால் வெட்டத்தான் வேணும்."

கோபித்துக்கொள்வாய் என்று பார்த்தேன். நீ என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேரே எங்கள் காட்டோரத்துக்குப் போனாய். உச்சி வெயில். ஒரு பெரிய பாலைக்குக் கீழே நிறுத்தி, என்னை அதன் நிழலில் இருத்தினாய். நான் அந்த மரத்தைப் பார்த்தபோது கூரைக்கு எத்தனை வளை, கதவுக்கு எத்தனை நிலை வரும் என்றுதான் நினைத்தேன். சித்தியின் தகரக் கொட்டிலில் இப்போது எப்படி வெக்கை அடிக்கும் என்றும் நினைத்தேன். நிழல் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரத்தால் ஒரு வீடாவது ஒரு நாள் பிந்தக்கூடாது என்று எழுதிச் சேர்த்தால் உன் தீர்மானத்துக்குக் கை தூக்குகிறேன் என்றேன். சேர்த்தாய். அடுத்த கூட்டத்தில் அது நிறைவேறியது. செலவில்லாத தீர்மானம் என்பதால் எல்லோரும் கை தூக்கினார்கள். மரங்களை அடையாளம் போடுகிற வேலையை உன்னிடமே விட்டார்கள்.

அந்த நாட்களில் நான் பெண் உறுப்பினர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி ஒன்றுக்காக வவுனியாவில் இருந்தேன். எப்படிக் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று அங்கே சொல்லித் தந்தார்கள். நீ சபைத் தொழிலாளர் இருவரைக் கூட்டிக்கொண்டு போய், வெட்டாமல் விடவேண்டிய மரங்களுக்கு நெஞ்சளவில் வெள்ளைப் பெயின்றால் வளையம் போட்டாய். சனம் எல்லாம் வயலில் அரிவு வெட்டுக்குப் போயிருந்த நாள். கேட்க ஆளில்லை. கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவும் இல்லை.

பயிற்சி முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஒழுங்கைக்குள்ளிருந்து கோடரிச் சத்தம் கேட்டது. ஒரு கோடரி அல்ல. நடந்து உள்ளே போனேன். எங்கள் காணியில் அம்மாவும் மாமாவும் எல்லைப் பாலையைச் சாய்த்துவிட்டு அடுத்ததுக்குப் போயிருந்தார்கள். பக்கத்துக் காணியிலும் அதே. விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்திலும் வெள்ளை வளையம். வளையம் இல்லாத மரங்கள் அப்படியே நின்றன.

"ஏன் இப்படி?" என்றேன்.

அம்மா கோடரியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வெள்ள அடிச்சா அது அவங்க மரம். அவங்க மரம் நின்னா பொறகு கல்லு வரும். கல்லு வந்தா நான் எந்திரிச்சுப் போவணும். எத்தன வாட்டி புள்ள நான் எந்திரிச்சுப் போறது?"

அது சபை அடித்தது, காட்டுக்காரர் அடித்ததில்லை என்று நான் விளக்கினேன். அம்மா மாமாவைப் பார்த்தார்; மாமா நிலத்தைப் பார்த்தார். பிறகு அம்மா, "கவருமெண்டு கவருமெண்டுதானே" என்று சொல்லிவிட்டு வளை வெட்டப்போனார்.

அடுத்த நாள் காலை நீ வந்தாய். ஒழுங்கை முனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்து வந்தாய். அழுவாய் என்று பயந்தேன். நீ விழுந்து கிடந்த ஒரு அடிமரத்தில் உட்கார்ந்து, வளையத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மெல்லச் சிரித்தாய். "எதை முதல்ல வெட்டவேணும் எண்டு நான்தானடி அடையாளம் போட்டுக் குடுத்திருக்கிறன்" என்றாய்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. உன் வீட்டு வாசலில் நிற்கிற இலுப்பைக்கு யாராவது கேட்காமல் பெயின்ற் அடிப்பார்களா என்று கேட்டேன். மரத்தில் அன்பு வைக்கிறதுக்கும் கையில் உறுதி வேண்டும் என்றேன். நீயும் எழும்பிவிட்டாய்.

"நான் என்ர நிழலுக்கோ அடிச்சனான்? உங்கட நிழலுக்குத்தானே."

"எங்கட நிழலை எங்களிட்டைக் கேட்டனியோ?"

நீ போய் ஸ்கூட்டரை எடுத்தாய். அதற்குப் பிறகு சில கூட்டங்களுக்கு நான் பஸ்ஸில் வந்தேன். சபையில் என்னைப் பார்த்து "கௌரவ உறுப்பினர்" என்று சொன்னாய். அது தூஷணத்தை விட மோசமாக இருந்தது.

மாரி தொடங்கிய நேரம், ஒரு பின்னேரம், நனைந்துகொண்டு எங்கள் கொட்டிலுக்கு வந்தாய். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு வீட்டு வரைபடம். உள்ளே வந்ததும் வராததுமாக அதை என் முன்னால் விரித்தாய். மன்னிப்பும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

"இதில கிணறு எங்கை?"

காட்டினேன்.

"மலசலகூடம்?"

"இஞ்சை. அதுக்கென்ன?"

"ஏன் அதுகளையும் கீறி வைச்சிருக்கினம்?"

"அதுகளும் வீட்டில சேர்ந்தது தானே."

"அப்ப மரத்தையும் கீறுவம்" என்றாய்.

எனக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் வரைபடத்தை என் பக்கம் இழுத்தேன். இந்தச் சபைக்கு உருப்படியான அதிகாரம் என்று ஒன்று இருக்குமானால் அது கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பதுதான். கிணற்றைப் போல மரத்தையும் வீட்டின் ஒரு பாகமாகக் கீறி, சபை முத்திரை குத்திக் கொடுத்தால், அதற்குப் பிறகு அது காட்டு மரம் இல்லை. வீட்டு மரம். தென்னை சொல்கிற சாட்சியை அதுவும் சொல்லும். சனம் அதை வெட்டத் தேவையில்லை; வெட்டாமல் வைத்திருப்பதுதான் அவர்களுக்கு லாபம். மரத்தைக் காப்பாற்றுகிற யோசனையாக இது எனக்குப் படவில்லை. அம்மாவைக் காப்பாற்றுகிற யோசனையாகப் பட்டது. அதனால்தான் பிடித்தது.

அன்றைக்கு நீ இன்னொன்றும் செய்தாய். வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், அடுப்படியில் இருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, எந்த மரம் வேண்டும் என்று கேட்டாய். அம்மா அடுப்பை விட்டு உன் பக்கம் திரும்பினார். "உங்கப்பா வயல்ல அத்தன வருசம் வேல செஞ்சேன். ஒரு நாளும் என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. நீ கேக்குற" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். என்னிடம் காட்டாத முகத்தை அன்று அம்மாவிடம் காட்டினாய்.

அம்மா மழைக்குள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உன்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு வீரையைக் காட்டினார். உடுப்புக் காயப்போடுகிற கயிறு கட்டியிருக்கிற மரம். "இது தப்பினதே நீ வெள்ள அடிக்காததால" என்றார். நீங்கள் இருவரும் சிரித்த சத்தம் எனக்குக் கொட்டிலுக்குள் கேட்டது. அடுத்த வாரம் தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பிடித்துக் கூட்டிவந்து, மரம் தப்பும்படி குசினிப் பக்கத்தைக் கொஞ்சம் நகர்த்திக் கீறுவித்தாய். முதலில் அவர் மாதிரி வரைபடத்தை மாற்ற முடியாது என்றார். வீட்டைத் தள்ளினால் காசு கூடுமோ என்று நீ கேட்டாய். கூடாது என்றார். பிறகென்ன என்றாய். அவர் பென்சிலை எடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்த அயலவர்கள் தங்கள் தங்கள் மரத்தையும் காட்டத் தொடங்கினார்கள்.

ஒரு வீட்டுக்குச் செய்ததை இரண்டாம் கட்டம் முழுவதற்கும் சபைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று நின்றாய். அந்தக் கூட்டத்துக்கு நீ காய்ச்சலோடு வந்தாய். கண் சிவந்திருந்தது. கெண்டைக்கால் உளைகிறது என்று மேசைக்குக் கீழே காலைப் பிசைந்துகொண்டிருந்தாய். வயலில் நின்றதால் என்றாய். இரண்டு பனடோல் மாத்திரை போட்டாய். நேரம் போய்விட்டது, அடுத்த கூட்டத்தில் எடுப்போம் என்றார் தவிசாளர். நீ வாதாடக்கூட இல்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், உனக்கு எவ்வளவு சுகமில்லை என்று.

எலிக்காய்ச்சல். விதைப்புக்கு முன்னால் சுகாதார ஆட்கள் கொடுக்கிற மாத்திரையைப் போடச் சொல்லி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நீ. உன் மாத்திரை உன் கைப்பைக்குள்ளேயே இருந்தது என்று உன் அம்மா சொன்னார். கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உன்னைப் பார்க்க விடவில்லை. அடுத்த நாள் விட்டார்கள். அப்போது நீ இல்லை. இதை எழுதும்போதும் உன் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. கோபத்தை விட்டால் வேறு என்ன வரும் என்று தெரியும். அதனால் கோபத்தையே வைத்துக்கொள்கிறேன்.

உனக்குப் பிறகு கூடிய சபையில் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். எழுந்து நின்று அஞ்சலி செய்தோம். உன் கதிரையில் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். பிறகு செயலாளர் நிகழ்ச்சிநிரலை வாசித்து, உன் பெயரில் உள்ள தீர்மானம் முன்மொழிந்தவர் இல்லாதபடியால் கைவிடப்படுகிறது என்றார். அது விதியாம். அதற்கு அடுத்ததாக உன் நினைவாகச் சபை வளவில் மரம் நடுவது என்று தீர்மானித்தார்கள். நட்டார்கள். வாசல் ஓரத்தில் தானாக முளைத்து நின்ற கிளாப் பற்றையை வெட்டித் துப்புரவாக்கிவிட்டு, சாடியோடு வாங்கிவந்த ஒரு அலங்காரப் பனையை நட்டார்கள். உன் பெயரில் ஒரு பலகை. எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போகவில்லை.

அடுத்த கூட்டத்தில் உன் தீர்மானத்தை நான் என் பெயரில் கொண்டுவந்தேன். வேறு கட்சிக்காரியின் தீர்மானத்தை ஏன் தூக்குகிறாய் என்று என் கட்சியில் கேட்டார்கள். என் அம்மாவின் குசினிக்குள் எழுதப்பட்ட தீர்மானம், அது எந்தக் கட்சியுடையது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். உன்மேல் உள்ள இரக்கத்தில் எதிர்க்க ஒருவருக்கும் துணிவில்லை. ஆகவே எதிர்க்காமல் கொல்லுகிற வழியைக் கண்டுபிடித்தார்கள். "இயன்றளவு" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். மரங்களை இயன்றளவு வரைபடத்தில் உள்ளடக்குதல். ஒப்பந்தக்காரருக்கு அந்தச் சொல் போதும். லொறி திரும்ப இடமில்லை என்றால் இயலவில்லை. பெக்கோக்காரருக்கு நேரமில்லை என்றால் இயலவில்லை. இரண்டாம் கட்டத்தில் மரம் கீறிய வரைபடங்கள் பல இருக்கின்றன. கீறிய இடத்தில் மரம்தான் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ என்னை நிறுத்திய அந்தப் பெரிய பாலை இரண்டாம் கட்டத்தில் ஒரு குடும்பத்தின் காணிக்குள் வந்திருக்கிறது. கணவன் மாங்குளத்தில் லொறிகளுக்குச் சுமை ஏற்றுகிறவர், மனைவி தையல். பிள்ளைகளோடு இன்னும் தகரக் கொட்டிலுக்குள்தான் இருக்கிறார்கள். மரம் அவர்கள் வரைபடத்தில் இருக்கிறது. நானே நின்று கீறுவித்தேன். நேற்று அந்தப் பக்கம் போனபோது அவர் மரத்தடியில் கோடரி தீட்டிக்கொண்டிருந்தார். காட்டுக்காரர் எல்லையைத் திரும்ப அளக்க வருகிறார்கள் என்று கதை அடிபடுகிறது. மரம் உங்கள் வரைபடத்தில் இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது, வெட்டத் தேவையில்லை என்றேன்.

அவர் தீட்டுவதை நிறுத்தவில்லை. "அக்கா, உங்கட முத்திரையை அவங்கள் ஏற்பாங்களோ?"

ஏற்க வேண்டும் என்றேன்.

"வேணும் எண்டது வேற. நாளைக்கு இந்த மரத்தால என்ர காணி போகாதெண்டு நீங்கள் கையெழுத்து வைப்பியளோ?"

அவருடைய மனைவி தையல் மெசினை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். வைக்கிறேன் என்று சொல்லியிருப்பாய். வைத்தும் இருப்பாய், அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை என்று தெரியாமலே. எனக்கு அது தெரியும். என்னால் அந்தக் குடும்பத்துக்குப் பொய் சொல்ல முடியாது. "ஏலாது" என்றேன்.

அவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். சொன்னதற்கு நன்றி என்பது போலவும் இருந்தது, இதற்குத்தானா வாக்குப் போட்டேன் என்பது போலவும் இருந்தது. வெள்ளிக்கிழமை சபை கூடும் வரைக்கும் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. கணவன் கோடரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "வெள்ளி மட்டும் பாக்கிறன்" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.

வெள்ளிக்கிழமை நான் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். இயன்றளவு என்ற சொல்லை எடுங்கள். சபை அனுமதித்த வரைபடத்தில் உள்ள மரத்தை வைத்து அந்தக் காணியைக் காடு என்று சொன்னால், குடும்பத்தின் பக்கம் சபை நின்று சாட்சி சொல்லும் என்று எழுதுங்கள். முதலாவதுக்குச் சில கைகள் உயரலாம். இரண்டாவதுக்குத் தவிசாளர் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்பார். அப்போது அந்த மனிதர் என்னைக் கேட்டதை அவருடைய சொல்லிலேயே தவிசாளரிடம் கேட்பேன். கையெழுத்து வைப்பீர்களா என்று. வைப்பார் என்று நான் நம்பவில்லை. நீ நம்பியிருப்பாய். நம்பிப் போய் அடிபட்டு, மழையில் நனைந்து வேறொரு யோசனையோடு திரும்பி வந்திருப்பாய்.

அவர் வைக்காவிட்டால் அந்தப் பாலை விழும். நான் தடுக்கப்போவதில்லை. காணி போனால் அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள் என்று சொல்ல முடியாத ஒருத்திக்கு, வெட்டாதே என்று சொல்ல வாய் இல்லை. மரமா வீடா என்று என்னை நெருக்கிக் கேட்டால் இன்றும் வீடு என்றுதான் சொல்வேன். இதில் உன்னோடு நான் ஒத்துப்போகவில்லை. நீ செத்ததற்காக ஒத்துப்போகவும் மாட்டேன்.

ஆனால் நேற்று அங்கிருந்து திரும்பும்போது நான் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தேன். வளையும் நிலையும் என் மனதில் வரவில்லை. இது விழக்கூடாது என்று மட்டும் இருந்தது. அப்படி ஒரு விருப்பம் இதற்கு முன் எனக்கு இருந்ததில்லை. கூரைக்காக ஆசைப்படுவதற்கே காலம் போதாமல் இருந்தவள் நான். அதை நீதான் எனக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய், என்னைக் கேட்காமலே. அது பாரமாக இருக்கிறது. இறக்கிவைக்க ஒரு இடமும் தெரியவில்லை.